டெண்டுக்குப் புகைபோக்கி, அடுப்படிக்கு?



மார்கழி பொறந்துட்டா நம்ம பக்கத்துப் பசங்களுக்கு மலை ஞாபகம் வந்துடுது. முன்னெல்லாம் மார்கழின்னா விடியக்கால பஜனை, கோயில் பொங்கல், வயல்ல சம்பா கதிர் வாங்குற நேரம், அவ்வளவுதான். இப்ப அதோட டெண்டும் சேந்துக்கிச்சு. காரைக்கால்ல இருந்து பைக்கை எடுத்தா கொடைக்கானல், ஊட்டி, வால்பாறைன்னு போயி, மூவாயிரம் ரூபா டெண்ட்டை விரிச்சு ரெண்டு ராத்திரி படுத்துட்டு வர்றாங்க. போகட்டும், நல்லதுதான். வயசுல பாக்காம எப்ப பாக்குறது?

இந்த வருஷம் புதுசா ஒண்ணு கிளம்பியிருக்கு. செல்போன்ல வெளிநாட்டுக்காரன் பனியில டெண்ட் போட்டு, உள்ள தகர அடுப்புல விறகை எரிச்சு, காப்பி குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற வீடியோவைப் பாத்துட்டு, நம்மளும் அதே மாதிரி ஹீட்டர் செய்யலாம்னு வெல்டிங் பட்டறையில வரிசையில நிக்கிறாங்க. பதினஞ்சு கிலோ எண்ணெய் டின்னு, பழைய டிரம்மு, சைலன்சர் குழாய்னு எது கெடச்சாலும் விடறதில்ல. எங்கிட்டயும் வந்து பழைய இரும்பு கேட்டாங்க. அதனாலதான் இந்தப் பதிவு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஹீட்டர் செய்யாதீங்கன்னு நான் சொல்லப் போறதில்ல. கையால ஒண்ணு செய்யணும்னு நினைக்கிற பையனை நான் தடுக்க மாட்டேன். ஆனா குழாய் இல்லாத நெருப்பு எதுவும் கூரைக்குள்ள போகக்கூடாது. குழாய் இருந்தாலும் நெருப்பு எரிய எரிய நாம தூங்கக்கூடாது. இந்த ரெண்டுலயும் எனக்கு விட்டுக்குடுக்கிற பேச்சே கிடையாது. மூணாவதா ஒண்ணு இருக்கு, அது நம்ம வீட்டு அடுப்படி பத்தினது. அதைக் கடைசியில சொல்றேன்.

புகை நல்லவன், தணல்தான் கெட்டவன்

நம்ம ஊர்ல நெருப்பைப் பத்தித் தெரியாதவங்க யாரு? எல்லாருக்கும் தெரியும். ஆனா தப்பாத் தெரியும். புகை வந்தா ஆபத்து, புகை அடங்கிக் கரி செக்கச்செவேல்னு தணலாயிட்டா ஆபத்து இல்லன்னு ரொம்பப் பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. உண்மை அப்படியே தலைகீழ்.

விறகோ கரியோ எரியும்போது காத்து போதுமானதா இருந்தா கார்பன் டை ஆக்சைடு வரும். காத்து பத்தலைன்னா கார்பன் மோனாக்சைடு வரும். இதுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணு எரியாது, இருமல் வராது. மூச்சு வழியா உள்ள போயி ரத்தத்துல ஏறிடும். நம்ம ரத்தத்துல ஆக்சிஜனைத் தூக்கிக்கிட்டுப் போற ஹீமோகுளோபின் இருக்கே, அது ஆக்சிஜனை விட இந்த வாயுவை இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். ஆக்சிஜனுக்கு உக்கார இடம் இருக்காது. முதல்ல தலைவலி, அப்பறம் மயக்கம், குமட்டல், கை கால் அசதி. தூங்கிக்கிட்டு இருக்கிறவனுக்கு இது எதுவுமே தெரியாது. காத்துல ஆயிரத்துல ஒரு பங்கு கலந்தாலே சில மணி நேரத்துல உயிர் போயிடும்.

புகை கண்ணை எரிச்சு, தொண்டையைக் கமறவச்சு, நம்மளை எழுப்பி வெளில துரத்திடும். தணல் அப்படி இல்ல. கதகதன்னு தாலாட்டித் தூங்கவச்சு, அப்பறம் எழுந்திருக்க விடாது.

2020 ஜனவரியில நேபாளத்துல தாமன்ங்கிற மலை ஊர்ல, கேரளாவுல இருந்து சுற்றுலா போன எட்டுப் பேர் ஒரே அறையில செத்துக் கிடந்தாங்க. பெரியவங்க நாலு பேர், குழந்தைங்க நாலு பேர். குளிருக்குக் கதவு ஜன்னலை எல்லாம் சாத்திட்டு கேஸ் ஹீட்டர் போட்டுப் படுத்திருந்தாங்க. 2024-ல கொடைக்கானல் பக்கமே ஒரு விடுதியில, கறி சுட்ட கரி அடுப்பை அறைக்குள்ள வச்சுட்டுத் தூங்கின ரெண்டு பேர் செத்ததா பேப்பர்ல வந்துச்சு. செவரு வச்ச அறைக்கே இந்தக் கதின்னா, ஆறடிக்கு ஆறடி நைலான் டெண்டுக்கு என்ன கதின்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

இதைச் சொன்னா சில பெருசுங்க ஒரு கேள்வி கேக்கும். "ஏன்டா, நம்ம தாத்தன் பாட்டன் எல்லாம் சட்டியில தணல் போட்டுப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் படுக்கலையா? பிள்ளை பெத்தவளுக்கு அறையில தணல் போட்டு சாம்பிராணி காட்டலையா? எவன் செத்தான்?"

நியாயமான கேள்விதான். பதில் கூரையில இருக்கு. அந்தக் காலத்து வீடு கீத்து வீடு, இல்லேன்னா நாட்டு ஓட்டு வீடு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவுல இடைவெளி, செவத்துக்கும் கூரைக்கும் நடுவுல இடைவெளி, நடுவுல முத்தம். வீடே மூச்சு விட்டுக்கிட்டு இருந்துச்சு. கெட்ட காத்து தானாப் போயிடும். இப்ப நம்ம கட்டியிருக்கிறது தளவீடு. ஜன்னலுக்குக் கண்ணாடி, ஏசி போட்டு சந்து பொந்தை எல்லாம் அடைச்சாச்சு. தாத்தா வீட்டுல ஒண்ணும் பண்ணாத அதே சட்டித் தணல், இந்த வீட்டுல ஆளை அடிச்சிடும். நெருப்பு மாறல, கூரைதான் மாறிடுச்சு. அதனால பிள்ளை பெத்த வீட்டுல சாம்பிராணி காட்டுறவங்க காட்டுங்க, காட்டி முடிச்சதும் தணலை வெளில எடுத்துடுங்க.

கஜா புயல் சமயத்துலயும் இதே எமன்தான் வீட்டுக்குள்ள எட்டிப் பாத்தான். 2018 நவம்பர் 16 விடியக்காலம் வேதாரண்யம் பக்கம் கரையேறுச்சு, நம்ம பக்கமும் மரமும் கம்பமும் சாஞ்சுச்சு. கரண்டு இல்லாததால ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, மழைக்கு நனையக்கூடாதுன்னு நடையிலயும் தாவாரத்துலயும் வச்சு ஓட்டுனவங்க உண்டு. ஜெனரேட்டர் புகையிலயும் இருக்கறது இதே வாயுதான். தெற்க வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்குல படுதாவுக்குக் கீழ குடும்பம் நடத்துனாங்க. மழை, ஈர விறகு, ஈரத் துணி, கைக்குழந்தை. டெண்டு வாழ்க்கைங்கறது நம்ம டெல்டாவுக்குத் தெரியாத விஷயம் இல்ல. பசங்க ஆசைக்குப் போடுறாங்க, நம்ம சனம் வேற வழி இல்லாமப் போட்டுச்சு. அதனால இந்தப் பதிவு மலைக்குப் போறவங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க.

குளிர் காஞ்சவங்ககிட்ட கத்துக்கணும்

நம்ம ஊர்ல தை மாசம் விடியக்காலம்கூட இருபது, இருபத்தொண்ணு டிகிரிக்குக் கீழ இறங்குறது அபூர்வம். அதுக்கே மங்கி குல்லாவும் சால்வையும் போட்டுக்கிட்டு டீக்கடையில கூட்டமா நிக்கிறோம். குளிருக்கு அடுப்பு செய்யற வித்தையை நாம கண்டுபிடிச்சிருக்க முடியாது. நிஜமான குளிர்ல இருக்கிறவங்க என்ன பண்றாங்கன்னு பாக்கணும்.

காஷ்மீர்ல காங்கிடின்னு ஒண்ணு உண்டு. சின்ன மண்சட்டி, அதைச் சுத்திப் பிரம்புக் கூடை மாதிரிப் பின்னல். உள்ள கரித்தணல். ஃபெரன்ங்கிற நீள அங்கிக்குள்ள வயித்துக்கு நேரா வச்சுக்கிட்டு நடப்பாங்க. அறையைச் சூடு பண்றதுக்குப் பதிலா ஆளைச் சூடு பண்ற வித்தை அது. செலவு கம்மி. ஆனா அதே இடத்துல வருஷக்கணக்கா சூடு பட்டு, தொடையிலயும் வயித்துலயும் தோல் புற்றுநோய் வர்றதை டாக்டருங்க 'காங்கிடி புற்று'ன்னே பேர் வச்சு எழுதியிருக்காங்க. வீட்டுக்குள்ள நிலையா எரிக்கிறதுக்கு அங்கயே இருக்கறது புகாரி. தகரத்துல உருளையாச் செஞ்ச அடுப்பு, மேல குழாய், குழாய் கூரையைத் தாண்டி வெளில போயிடும். லடாக்குல, ராணுவ முகாம்ல எல்லாம் அதுதான்.

அமெரிக்காவுல சிப்லின்னு ஒரு ராணுவ அதிகாரி 1856-ல கூம்பு மாதிரி ஒரு கூடாரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதுக்கு ஏத்த மாதிரி தகரத்துல கூம்பு அடுப்பு ஒண்ணும் உண்டு, அதுக்கும் நீளக் குழாய். அந்த அடுப்பை அந்த ராணுவம் பல பத்து வருஷம் வச்சிருந்துச்சு. அவங்க உள்ள வச்ச அடுப்புக்கு எல்லாம் குழாய் இருந்துச்சுங்கறதை மட்டும் கவனிச்சுக்கங்க.

நம்ம சாதியான விவசாயிங்க செஞ்சதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2020 நவம்பர் 26-ல பஞ்சாப், ஹரியானா விவசாயிங்க டெல்லிக்குக் கிளம்புனாங்க. சிங்கு, திக்ரி, காஜிப்பூர் எல்லையில ஒரு வருஷத்துக்கு மேல உக்காந்தாங்க. 2021 ஜனவரி 1-ந்தேதி டெல்லியில 1.1 டிகிரி. டிராக்டர் டிரெய்லர் மேல படுதா கட்டி, அடியில வைக்கோல் பரப்பி, அதுமேல மெத்தை, ரஜாய் போட்டுப் படுத்தாங்க. குளிக்கிறதுக்கு 'தேசி கீசர்'னு ஒண்ணு கொண்டுவந்து ரோட்டோரமா வச்சாங்க. இரும்பு உருளை, நடுவுல நெருப்பு எரியிற குழாய், சுத்தித் தண்ணி. ஒரு பக்கம் பச்சைத்தண்ணி ஊத்துனா இன்னொரு பக்கம் வெந்நீர் வரும். அது நின்னது வெட்டவெளியில, படுதாவுக்குள்ள இல்ல.

அந்தப் படத்தைப் பாத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. இது நம்ம டீக்கடை பாய்லர்தானே! அடியில கரி, நடுவுல குழாய், சுத்தித் தண்ணி. நம்ம பழைய வீடுகள்ல செம்புல ஒரு வெந்நீர் பாய்லர் இருக்கும், தேங்காமட்டையும் பாளையும் போட்டே தண்ணி கொதிச்சிடும். வெளிநாட்டு வீடியோ பாக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் டீக்கடையில நின்னு அந்த பாய்லரை உத்துப் பாத்தீங்கன்னா, அடுப்போட சூட்சுமம் முழுக்கப் புரிஞ்சிடும். சூடான காத்து லேசு, அது மேல ஏறும். குழாய் வழியா மேல ஏறுற காத்து, கீழ வாய் வழியாப் புதுக் காத்தை இழுக்கும். குழாய் உயரமா இருந்தா இழுப்பு கூட. இழுப்பு நல்லா இருந்தா எரிப்பு நல்லா இருக்கும், கெட்ட காத்தும் உள்ள தங்காது.

செய்யறதா இருந்தா இப்படி

சரி, கண்டிப்பாச் செய்வேன்னு நிக்கிற பசங்களுக்கு.

கேஸ் சிலிண்டரை வெட்டாதீங்க. வீடியோவுல நிறைய பேர் அதைத்தான் வெட்டுறான். வீட்டுக்கு வர்ற சிலிண்டர் நம்ம சொத்து இல்ல, கம்பெனி சொத்து. காலின்னு நினைக்கிற சிலிண்டர்லயும் மிச்சம் கேஸ் இருக்கும், கட்டிங் போட்டா வெடிக்கும். பூச்சிமருந்து டிரம்மையும் தொடாதீங்க, அதுல எரியிற எந்தப் புகையும் உங்களுக்கு வேண்டாம்.

ஜி.ஐ. தகடு வேண்டாம். வெள்ளைப் பூச்சு துத்தநாகம். நல்லா சூடேறினா அதுல இருந்து வர்ற புகை காய்ச்சலைக் கொண்டுவரும், வெல்டிங் வேலை பாக்குறவங்களைக் கேட்டாச் சொல்லுவாங்க. எண்ணெய் டின்னு தகடு ரொம்ப மெல்லிசு, ரெண்டு நாள் எரிச்சா ஓட்டை விழும். ரெண்டு மில்லிமீட்டர் கருப்புத் தகடு வாங்குங்க. பதினஞ்சு அங்குல நீளம், எட்டு அங்குல அகலம், எட்டு அங்குல உயரம்னு ஒரு பெட்டி அடிச்சா போதும். பெட்டி மட்டும் ஆறு கிலோவுக்கு மேல வரும், பைக்ல கட்டறதுக்கு முன்னாடி அதை யோசிச்சுக்கங்க. அரையடி உயரத்துக்குக் கால். உள்ள அடியில ஒரு அங்குலம் மணல். கதவுல காத்து வர்றதுக்குத் திறந்து மூடுற மாதிரி ஓட்டை.

குழாய் மூணு அங்குலத்துக்குக் குறையக்கூடாது. டெண்டு உச்சியைத் தாண்டி ரெண்டு மூணு அடி வெளில நிக்கணும். கட்டையா வச்சா புகை திரும்பி உள்ளயே வரும். ஒவ்வொரு இணைப்பையும் கீழ இருந்து மேல வரைக்கும் கையால ஆட்டிப் பாருங்க, லொடலொடன்னு இருந்தா அதுதான் எமன் வர்ற வாசல். குழாய் வாயில கம்பி வலை கட்டணும், பொறி பறக்கக் கூடாது. மலையில காஞ்ச புல்லு எப்படி எரியும்னு 2018 மார்ச் 11-ல குரங்கணியில பாத்தோம். மலையேறப் போன இருபது பேருக்கு மேல அந்தக் காட்டுத்தீயில போயிட்டாங்க. காட்டுக்குள்ள நெருப்பு வைக்கறதே வனச் சட்டப்படி குத்தம்ங்கறதையும் ஞாபகம் வச்சுக்கங்க. அனுமதி இருக்கிற முகாம்ல மட்டும்தான் இந்த வேலை.

டெண்டு கித்தான் துணியா இருக்கணும். கடையில விக்கிற நைலான் டெண்டு இருநூத்தி இருபது டிகிரியில உருகிடும். அடுப்புக் குழாய் அதைவிட மேல போகும். குழாய் துணியைத் தாண்டுற இடத்துல தகர வளையம் வச்சு, துணி குழாயில படாம இருக்கணும். அடுப்பைச் சுத்தி ரெண்டு அடிக்குள்ள பையோ போர்வையோ வைக்கோலோ இருக்கக்கூடாது. பெயிண்டு, எண்ணெய்ப் பிசுக்கு போறதுக்கு வீட்டுக் கொல்லையில ரெண்டு தடவை நல்லா எரிச்சுப் பாத்துட்டு அப்பறம் எடுத்துக்கிட்டுப் போங்க. டெண்டோட மேல ஒரு வாய், கீழ ஒரு வாய் எப்பவும் திறந்திருக்கணும், குளிருதுன்னு சாத்தக்கூடாது.

விறகு காஞ்ச விறகா இருக்கணும். நம்ம கடற்கரை சவுக்கைப் பொளந்து ஒரு கோடை காயப்போட்டா அதைவிட நல்ல விறகு இல்ல. சீமைக்கருவையும் நிக்கும். ஈர விறகுல ஒரு பங்கு சூடு தண்ணியை விரட்டுறதுக்கே போயிடும், மிச்சம் கீல் மாதிரி குழாயில படிஞ்சு அடைக்கும்.

இப்ப ஒரு கணக்கு. ஒரு கிலோ காஞ்ச விறகுல ஏறக்குறைய நாலு யூனிட் கரண்டுக்குச் சமமான சூடு இருக்கு. இந்த மாதிரிச் சின்ன அடுப்பு மணிக்கு ஒரு கிலோவாவது தின்னும். ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு எட்டு கிலோ, ரெண்டு ராத்திரிக்குப் பதினாறு கிலோ. காட்டுல வெட்டக்கூடாது, பைக்ல கொண்டுபோக முடியாது. அதோட விடாம மணிக்கு ஒரு தடவை யாராவது எழுந்து விறகு வைக்கணும். சின்ன அடுப்புல விறகு ராத்திரி முழுக்க நிக்காது. துணிக் கூரை சூட்டைப் பிடிச்சு வைக்கறதும் இல்ல, நெருப்பு அணைஞ்ச கொஞ்ச நேரத்துல உள்ளயும் வெளியயும் ஒரே குளிர்தான். அப்பறம் இவ்வளவு பாடுபட்டு என்ன லாபம்?

அதனால நான் சொல்றது இது. படுக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், விடிஞ்சு எழுந்ததும் ஒரு மணி நேரம் எரிங்க. துணியைக் காயவைங்க, கையைக் காயுங்க, தண்ணி சுடவைங்க, சமைங்க. அப்பறம் தணலை வெளில அள்ளிக் கொட்டித் தண்ணி ஊத்தி அணைச்சுடுங்க. நெருப்பு தூங்கின பிறகுதான் நாம தூங்கணும்.

அப்ப ராத்திரி குளிருக்கு? நம்ம களத்துல என்ன பண்ணோம்? அறுவடை சமயத்துல களத்துக் காவலுக்குப் படுக்கறவன் ஹீட்டர் வச்சுக்கிட்டா படுத்தான்? வைக்கோலை மெத்தையா விரிச்சு அதுல குழி பண்ணிப் படுப்போம். பனி மேல கொட்டும், கீழ கதகதன்னு இருக்கும். வைக்கோல் சூட்டை உண்டாக்காது, நம்ம உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சாம தடுக்கும், அவ்வளவுதான். டெல்லி எல்லையில டிரெய்லர்ல பரப்புனதும் அதேதான். ரெண்டு காலிச் சாக்கு எடுத்துக்கிட்டுப் போங்க, வைக்கோலோ காஞ்ச சருகோ திணிச்சு அடியில போடுங்க. எவர்சில்வர் பாட்டில்ல வெந்நீர் ஊத்தி, இறுக மூடி, துண்டைச் சுத்திக் கால்மாட்டுல வச்சுக்கங்க. விடியற வரைக்கும் காலு ஜில்லுன்னு ஆகாது. ஆட்டுக்கிடை போட வர்ற கீதாரிங்க வருஷத்துல பாதி நாள் வெட்டவெளியில படுக்கறாங்க. நெருப்பு வெளியில, ஆளு பக்கத்துல, மேல கம்பளி. அவங்களை விட கேம்பிங் தெரிஞ்சவன் எந்த வீடியோவுல இருக்கான்?

ராத்திரி ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல தலைவலி வந்தா, குமட்டினா, அது சாப்பாட்டுக் கோளாறுன்னு படுக்காதீங்க. உடனே எல்லாரையும் இழுத்து வெளில போடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயி ஆக்சிஜன் வைக்கச் சொல்லுங்க.

இப்ப நம்ம அடுப்படி

இவ்வளவும் எழுதிக்கிட்டு வரும்போதே எனக்கு ஒரு எண்ணம். ரெண்டு ராத்திரி டெண்டுல படுக்கறதுக்கு எட்டடிக் குழாய் தேடுறோம். நாப்பது வருஷமா அடுப்பு ஊதுற அம்மாவுக்கு, சின்னம்மாவுக்கு, பொண்டாட்டிக்கு எத்தனை வீட்டுல குழாய் வச்சிருக்கோம்?

கேஸ் வந்துடுச்சேன்னு சொல்லுவீங்க. வந்துச்சு, உஜ்வாலா திட்டம் 2016-ல இருந்து இருக்கு. ஆனா எங்க தருமபுரத்துல யாழ்மூரிநாதர் கோயில் தெருவுல இருந்து வாய்க்கால் கரை வரைக்கும் ஒரு நடை நடந்து பாருங்க. சோறு குழம்பு கேஸ்ல. குளிக்க வெந்நீர், நெல் அவிக்கறது, மாட்டுக்குக் காய்ச்சுறது, விசேஷத்துச் சமையல் எல்லாம் கொல்லை அடுப்புல, விறகுல. கொல்லைக் கொட்டகை மேல இப்ப கீத்து இல்ல, தகர சீட்டு. மூணு பக்கம் மறைப்பு. உள்ள நிக்கிற பொம்பளை முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்குது. வீட்டுப் புகையால உலகத்துல வருஷத்துக்கு 32 லட்சம் பேர் சாகறதா உலக சுகாதார நிறுவனம் 2020-ம் வருஷத்துக்குக் கணக்குச் சொல்லியிருக்கு. டெண்டுல செத்தா பேப்பர்ல வருது. அடுப்படியில இருமி இருமிச் செத்தா 'வயசாயிடுச்சு'ன்னு சொல்லிடறோம்.

புகைபோக்கி வச்ச அடுப்பு ஒண்ணும் புது விஷயம் இல்ல. ஹைதராபாத்துல எஸ்.பி.ராஜுன்னு ஒரு பொறியாளர் 1950-கள்லயே புகையில்லா அடுப்புக்குப் புத்தகம் போட்டார். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துல 'அஸ்த்ரா ஓலே'ன்னு ஒண்ணு உருவாக்குனாங்க. ஓலேன்னா கன்னடத்துல அடுப்பு. மத்திய அரசு 1983-ல இருந்து நாடு பூரா மேம்படுத்துன அடுப்புன்னு திட்டம் நடத்துச்சு, 2002-ல நிறுத்திட்டாங்க. நிறைய வீட்டுல அந்த அடுப்பு நிக்கல. ஏன்னு கேட்டா, குழாய் கரி அடைச்சுக்கிச்சு, யாரும் சுத்தம் பண்ணல, புகை திரும்பி உள்ள வந்துச்சு, இருந்தது போதும்னு இடிச்சுப் போட்டாங்க. அடுப்பு மேல குத்தம் இல்ல. குழாய் மேல ஏறிச் சுத்தம் பண்ண ஆளு இல்ல, அதுதான் குத்தம். ஏணி வச்சு ஏறுற வேலை, புடவை கட்டிக்கிட்டு யாரு ஏறுவா?

நம்ம காரைக்கால்ல தெருவுக்கு ஒருத்தராவது பிரான்ஸ்ல இருக்காங்க. லீவுல வரும்போது கேட்டுப் பாருங்க. அங்க விறகு அடுப்பு வச்ச வீட்டுல வருஷத்துக்கு ஒரு தடவையாவது புகைபோக்கியைச் சுத்தம் பண்ணியாகணும், அது சட்டம். சுத்தம் பண்ண ஆளு வந்து சீட்டு எழுதிக் குடுத்துட்டுப் போவான். நமக்குச் சட்டம் வேண்டாம். மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை, மூங்கில் கழியில சாக்கைச் சுத்திக் குழாயில விட்டு ரெண்டு இழுப்பு. அரை மணி நேர வேலை. இது ஆம்பளை வேலைன்னு செவத்துலயே எழுதி வச்சுடுங்க.

எங்க வீட்டுக் கொல்லைக் கொடியடுப்புக்கு மூணு வருஷம் முன்னாடி குழாய் வச்சோம். செங்கல், களிமண், தகரக் குழாய், கொத்தனார் கூலி எல்லாம் சேத்து மூவாயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. கொடி அடுப்புக்குப் பின்னாடி ஒரு வாய் எடுத்து, அதுல குழாயை நட்டு, சீட்டைத் தாண்டி மூணு அடி ஏத்தியாச்சு. குழாய் சீட்டைத் தாண்டுற இடத்துல வளையம். விறகும் முன்னைவிடக் கம்மியாப் பிடிக்குது, செவரும் கருக்கல. வீட்டுக்காரம்மா இப்ப வெந்நீர் வச்சுக்கிட்டே பேத்திகிட்ட போன் பேசுது. முன்ன அந்தப் புகையில வாயைத் தொறக்கவே முடியாது.

ஒரு டெண்டு விலைதான் அது. மலைக்குப் போறதுக்கு வெல்டிங் பட்டறையில நிக்கிற பசங்க அங்கயே இன்னொரு குழாய்க்கும் சேத்து அளவு குடுத்துட்டு வாங்க. முதல் குழாயை வீட்டு அடுப்புக்கு வச்சுப் பாருங்க. இழுப்பு எப்படி இருக்கு, எங்க புகை கசியுது, எத்தனை நாள்ல அடைக்குதுன்னு ஒரு மாசம் பாத்தீங்கன்னா, ஹீட்டர் செய்யற வித்தை அங்கயே வந்துடும். அந்தப் பாடம் எந்த வீடியோவுலயும் கிடையாது.

அடுத்த பதிவுல சம்பா தாள்ல உளுந்து, பயறு தெளிக்கிறது பத்தி எழுதறேன். இந்த வருஷம் ஈரம் எப்படி நிக்குதுன்னு பாத்துட்டுச் சொல்லணும். மலைக்குப் போறவங்க பத்திரமாப் போயிட்டு வாங்க.